பின்வளவில் ஓர் இளவேனில்

செப்டெம்பர் பிறந்துவிட்டால் அவுஸ்திரேலியாவில் இளவேனில். நாம் பிறந்த மண்ணில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே அது ஆவணி நடுவில் தொடங்கிக் கார்த்திகை நடுவில் முடிகிறது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினால் வெளியே கடுங்குளிர். (உண்மையைச் சொன்னால் ஆடிக்கூழுக்கு மெல்பேர்ண் குளிரைப் போலப் பொருத்தமான காலநிலை ஊரில் ஒருநாளும் வாய்க்கவில்லை!) தைப்பொங்கலோ நடுக்கோடையில், அடுப்பு மூட்டவே தடை விழக்கூடிய வெயிலில். நவராத்திரியும் தீபாவளியும் கந்தசஷ்டியும்தான் இந்த நாட்டு இளவேனிலில் வந்து விழுகின்றன. ஆகவே எம்மைப் போன்ற வயோதிபருக்கு இந்த மூன்று மாதங்களும் வருடத்தின் நல்ல மாதங்கள். முழங்கால் வலி கொஞ்சம் குறையும். ஹீற்றரை நிற்பாட்டலாம். கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போகலாம்.

'பின்வளவு' என்ற சொல்லை நாம் வேண்டுமென்றேதான் பாவிக்கிறோம். இளையவர்கள் 'பக்யார்ட்' என்பார்கள். வளவு என்றால் வெறும் நிலமல்ல. கிணற்றடி, வேலி, கதியால், பூவரசு, மாட்டுக்கொட்டில், பக்கத்து வீட்டாருடன் எல்லைத் தகராறு எல்லாம் சேர்ந்ததுதான் வளவு. சிட்னியில் பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில், துங்காபி, ஹோம்புஷ் பக்கங்களிலும், மெல்பேர்ணில் டண்டினோங், கிளென் வேவர்லி பக்கங்களிலும் எம்மவர் வாங்கிய பழைய வீடுகளுக்குப் பின்னால் அப்படி ஒரு துண்டு நிலம் இருந்தது. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அதைத் திரும்பிப் பார்க்க எமக்கு நேரம் இருக்கவில்லை. இரண்டு வேலை, இரவு வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று ஓடினோம். புல்லு வெட்டுவதே பெரிய காரியம். இப்போது பிள்ளைகள் போய்விட்டார்கள், வேலையும் போய்விட்டது. மிஞ்சியது வளவுதான்.

முதியவர்களின் தனிமையைப் பற்றி எழுதுவோர் அநேகர். வெறுமையான வீடு, ஜன்னலோரம், வராத தொலைபேசி என்று கண்ணீர்க் கதைகள் நிறைய வந்துவிட்டன. அவை பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையுடன் கறிவேப்பிலைக் கன்றில் புதுத்துளிர் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போகும் ஒரு மனிதர், அந்த நேரத்தில் துக்கமாக இல்லை. அதை வெளியே சொல்ல ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம். முதலில் தோட்டம்.

மெல்பேர்ண்காரருக்கு ஒரு பழைய விதி உண்டு. மெல்பேர்ண் கிண்ணக் குதிரைப் பந்தயம் நடக்கும் நாளுக்கு, அதாவது நவம்பர் முதற் செவ்வாய்க்கிழமைக்கு, முன்னர் தக்காளிக் கன்று நடக்கூடாது. வெள்ளைக்காரக் கிழவர்கள் சொல்லித் தந்த விதி இது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாவற்கொடிக்கும் இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் மண் சூடேறாவிட்டால் வேர் ஓடாது, பின்னிரவுக் குளிர் ஒன்று வந்தால் கன்று சுருண்டுவிடும். சிட்னியில் இத்தனை பொறுமை தேவையில்லை. ஒக்ரோபரில் துணிந்து நடலாம். முருங்கை இலை கொட்டிவிட்டதென்று மனம் உடையத் தேவையில்லை. குளிர்காலத்தில் அது அப்படித்தான் நிற்கும். பனிக்குளிர் முடிந்ததும் இடுப்பளவில் வெட்டிவிட்டால் இளவேனிலில் வெடித்துக் கிளம்பும். கீரைக்குக் குறைவிராது, காய் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். வல்லாரையும் பொன்னாங்காணியும் தொட்டியிலேயே வரும். குனிய முடியாதவர்கள் இடுப்பு உயரத்துக்குப் பலகையடித்து மண் நிரப்பிக்கொள்வது நல்லது. இந்த வயதில் ஒரு விழுகை போதும், இடுப்பு எலும்பு போனால் தோட்டமும் போய்விடும்.

தோட்டக்கலைப் பேராசிரியரான ஆசி. கந்தராஜா சிட்னியில் இருந்துகொண்டே ஊர் மரங்களையும் மாம்பழங்களையும் வைத்துச் சுவையான கட்டுரைகள் எழுதினார். 'கறுத்தக் கொழும்பான்' என்று 2014 இல் நூலாகவும் வந்தது. ஒரு மாமரத்தின் பெயரைச் சொன்னாலே எமது ஆட்கள் அரைமணி நேரம் கதைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். விஞ்ஞானம் படித்தவர் எழுதும்போது கன்று ஏன் பட்டுப்போனது என்ற கேள்விக்குக் கண்ணூறு தவிர வேறு பதிலும் கிடைக்கிறது.

விதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஊருக்குப் போய் வருபவர்கள் சேலை மடிப்புக்குள் பயிற்றை விதையும் புடலை விதையும் சுற்றிக்கொண்டு வர ஆசைப்படுவது எமக்குத் தெரியும். விமான நிலையத்தில் நாய் மணந்து பிடித்தால் அபராதம் கடுமை, கையில் கொண்டுவந்ததைப் படிவத்தில் எழுதாமல் விட்டது அதைவிடப் பெரிய குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. நாற்பது வருடமாக எம்மவர் இங்கே விதை எடுத்து விதை மாற்றி வருகிறார்கள். கோயில் மடைப்பள்ளியில் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை கடதாசி உறையில் வந்து சேரும்.

எல்லோருக்கும் இளவேனில் இனிமையாக வருவதில்லை. முக்கியமாக மெல்பேர்ண் வாசகர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். 2016 நவம்பர் 21 ஆம் திகதி மாலை ஓர் இடிமழை வந்தது. ஒரு வகைப் புல்லின் மகரந்தம் மழைக்காற்றில் உடைந்து நுண்துகளாகி மூச்சுக்குள் போனது. பத்துப் பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். அவர்களில் தென்னாசியாவிலிருந்து வந்தவர்களின் பங்கு எமது சனத்தொகையோடு பார்க்கும்போது மிக அதிகமாக இருந்தது. முன்பு ஆஸ்மா இல்லாதவர்களும் அதில் அகப்பட்டார்கள். வசந்தகாலத்தில் மூக்கொழுகி, கண் கடித்து, தும்மல் வருகிறதென்றால் 'இது சும்மா தடிமன்' என்று இஞ்சித் தேத்தண்ணியோடு நிற்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை இடிமழை எச்சரிக்கை வரும் நாட்களில், மழைக்கு முன் எழும்பும் காற்றில் வெளியே நிற்காதீர்கள், ஜன்னல்களையும் சாத்திவிடுங்கள். கொடியில் காயும் உடுப்பு நனைந்தால் நனையட்டும்.

வெயிலிலும் இதேபோல் ஓர் அளவு வேண்டும். கறுத்தத் தோல்காரர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் விற்றமின் டி குறையும். குளிர்காலம் முழுவதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாடகத் தொடர் பார்த்தவர்களுக்குச் சொல்கிறோம். காலை வெயிலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

செப்டெம்பரில் வீடு திரும்புவோரும் எம்மிடையே இருக்கிறார்கள். போர் முடிந்து பாதை திறந்த பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜூன், ஜூலையில் இங்கே குளிர் தொடங்கியதும் யாழ்ப்பாணம் போவது, நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து இருபத்தைந்து நாளும் நின்று தேரும் தீர்த்தமும் பார்ப்பது, பிறகு இங்கே வந்து இளவேனிலைப் பிடிப்பது. பறவைகள் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம், பென்சன் புத்தகத்தோடு! அதிலே ஒரு கணக்கு இருக்கிறது. முதியோர் பென்சன் பெறுபவர் ஆறு கிழமைக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் சில மேலதிகக் கொடுப்பனவுகள் குறையும். இருபத்தாறு கிழமைக்கு மேல் நின்றால், வேலை செய்யும் வயதில் இந்த நாட்டில் எத்தனை வருடம் வசித்தோம் என்று கணக்குப் பார்த்துத் தருவார்கள். முப்பத்தைந்து வருடம் இருந்தவருக்கே முழுத்தொகை. 1983 க்குப் பின் இளவயதில் வந்தவர்கள் தப்பிவிடுவார்கள். ஐம்பது வயதில் வந்தவர்கள் ரிக்கற் எடுக்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

போய் வருபவர்கள் ஒரு விடயத்தை மெதுவாகத்தான் சொல்கிறார்கள். ஊரில் வளவு இருக்கிறது, ஆனால் அதில் தெரிந்தவர்கள் இல்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பியவர்களின் காணிகள் போருக்குப் பின் படிப்படியாக விடுவிக்கப்பட்டன, எல்லாக் காணியும் அல்ல. விடுவிக்கப்பட்டவற்றிலும் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் பற்றையும். எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, நிழலில் நின்று படம் எடுத்துவிட்டு, மூன்றாம் கிழமையிலே 'அங்கே எங்கள் மிளகாய்க்கன்றுக்கு யார் தண்ணி விடுகிறார்களோ' என்று வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அந்த 'அங்கே' என்ற சொல் இடம் மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? ஒரு காலத்தில் அங்கே என்றால் ஊர்தான். இப்போது ஊரில் நின்றுகொண்டு பெண்டில் ஹில்லை அங்கே என்கிறோம்.

இனி அந்தக் கூச்சத்துக்கு வருவோம்.

இந்த நாட்டில் ஜக்கரண்டா மரங்கள் பூக்கும் காலம் ஒக்ரோபர் கடைசி, நவம்பர். தெருவெல்லாம் ஊதா நிறம். சிட்னியில் அதைப் பார்க்கவென்றே சனம் வரும். அதே ஒக்ரோபர் கடைசியில்தான், 1995 இல், 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. மழையில், இருட்டில், செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், பல இலட்சம் பேர். அன்று இங்கே இருந்த நாம் பி.பி.சி. தமிழோசையில் காதை வைத்துக்கொண்டு, தாய் தகப்பன் அந்தச் சனத்துக்குள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தோம். வெளியே மரங்கள் பூத்துக் கிடந்தன. அந்த வருடம் பூவைப் பார்த்தவர் எவருமில்லை. பிறகு 2009 வந்தது. அது இங்கே இலையுதிர்காலம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் பின்வளவில் நிம்மதியாக இருக்கலாமா? எம் தலைமுறையில் பலர் இந்தக் கேள்வியை வெளியே கேட்பதில்லை, ஆனால் அதற்கேற்றபடி நடக்கிறார்கள். நல்ல கதிரை வாங்கமாட்டார்கள். புதிய உடுப்பு அலுமாரியிலேயே கிடக்கும். யாராவது 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் 'ஏதோ இருக்கிறோம்' என்பார்கள். நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால் செத்தவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல ஒரு நினைப்பு. எமக்கு இதிலே ஒரு கருத்து உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதலாம். துக்கம் ஒரு கடன் என்றால் அதைத் துன்பப்பட்டுத்தான் கட்டவேண்டும் என்றில்லை. மெல்பேர்ணில் 1988 இல் தொடங்கிய இலங்கை மாணவர் கல்வி நிதியத்தின் ஊடாக, போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்பியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பென்சனிலிருந்தும் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போனதாகக் கடிதம் வந்த நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தோடு வளவில் இருந்து தேத்தண்ணி குடிப்பதில் எந்தத் துரோகமும் இல்லை.

வாழ்வின் பிற்பகுதியைப் படுத்துக் கிடக்கும் காலமாக நினைக்காத இருவரை இங்கே சொல்லலாம். கவிஞர் அம்பி நாவாலியில் 1929 இல் பிறந்தவர். விஞ்ஞான ஆசிரியர். அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த வரலாற்றை 1967 இலேயே எழுதியவர். பப்புவா நியூகினியில் பணியாற்றிவிட்டு அறுபதைத் தாண்டிய வயதில் சிட்னிக்கு வந்தார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அந்த வயதில், இங்கே வளரும் குழந்தைகள் தமிழைப் பாடிப் படிக்க வேண்டுமென்று 'கொஞ்சும் தமிழ்' போன்ற பாடல்களைத் தந்தார். 2024 இல், தொண்ணூற்றைந்து வயதில், இந்த நகரத்திலேயே மறைந்தார். மற்றவர் எஸ். பொன்னுத்துரை. சாந்தமான முதுமைக்கு எஸ்.பொ.வை உதாரணம் காட்டினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள், சண்டையில்லாத எஸ்.பொ. எங்கே? ஆனாலும் சிட்னி வீட்டில் இருந்துகொண்டு எழுபதைத் தாண்டிய வயதில் 'வரலாற்றில் வாழ்தல்' என்ற இரண்டு பாகத் தன்வரலாற்றையும், அதன் பின் 'மாயினி' நாவலையும் எழுதி முடித்தார். ஆபிரிக்க இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2010 ஆம் ஆண்டுக்கான இயல் விருது கனடாவிலிருந்து தேடி வந்தது. 2014 நவம்பரில் மறைந்தார், இளவேனில் முடிய நாலு நாள் இருக்கும்போது. இருவருக்கும் வீடு ஒரு காத்திருக்கும் அறையாக இருக்கவில்லை.

சரி, எழுத வராதவர்கள்? எழுதத்தான் வேண்டுமென்று யார் சொன்னது. பேரப்பிள்ளையைப் பள்ளியால் கூட்டிவந்து, 'அம்மம்மா, வட் இஸ் திஸ்?' என்று அது கேட்கும்போது 'பயித்தங்காய்' என்று சொல்வதும் ஒரு வேலைதான். 2021 குடிசனக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் வீட்டிலே தமிழ் பேசுவோர் 95,000 பேருக்கு மேல். அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி எமது குசினிகளில் உண்டானது. ஆனால் ஒன்று. பேரப்பிள்ளை பார்ப்பது ஆசையாக இருக்க வேண்டும், கிழமைக்கு ஐந்து நாள் சம்பளமில்லா உத்தியோகமாக இருக்கக்கூடாது. மகளோ மருமகளோ மனம் நோகுமென்று வாய் திறக்காத அம்மாக்கள் பலரை நாம் அறிவோம். 'செவ்வாயும் வியாழனும் எனக்கு ஏலாது பிள்ளை' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வானம் இடிந்து விழாது.

இப்போது பிள்ளைகள் வேறு ஒரு கதையோடு வருகிறார்கள். 'அம்மா, அப்பா, இந்தப் பெரிய வீட்டில் இரண்டு பேரும் தனிய என்ன செய்யிறியள்? வித்துப்போட்டு யூனிற் ஒன்றுக்குப் போங்கோவன், இல்லாட்டி எங்களோட வாங்கோ.' அன்பில் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. படிக்கட்டு, குளியலறை, இரவில் எழும்பி நடப்பது, எல்லாம் அவர்களுக்குப் பயம். வீட்டின் விலையும் அவர்கள் மனதில் எங்கோ ஓடுகிறது, அதுவும் மனித இயல்பு. நாம் இங்கே எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. நடக்க முடியாதவர் மூன்று படுக்கையறை வீட்டைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது. ஆனால் விற்கும் முன் ஒன்றை யோசியுங்கள். மறதி நோய் வந்தால் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் கழன்றுவிடும், தாய்மொழி கடைசிவரை நிற்கும். நாற்பது வருடம் வங்கியில் ஆங்கிலத்தில் வேலை செய்தவர் தண்ணி என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, அது விளங்காத ஒரு பராமரிப்பு இல்லத்தில் தாகத்தோடு இருக்கலாம். தன் வீட்டில், தன் தெருவில், தமிழ்க் கடையும் கோயிலும் பஸ் தூரத்தில் இருக்கும் இடத்தில், எத்தனை வருடம் முடியுமோ அத்தனை வருடம் இருப்பது வெறும் பிடிவாதமல்ல.

அதற்கு அரசாங்க உதவி உண்டு, எம்மவர் கேட்பதில்லை. பிறர் வந்து வீடு கூட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று வெட்கம்! 2025 நவம்பர் 1 ஆம் திகதி முதல் வீட்டுப் பராமரிப்புக்குப் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தாதி, உடற்பயிற்சி வைத்தியர் போன்ற மருத்துவ சேவைகளுக்கு நாம் பணம் கட்டத் தேவையில்லை. வீடு துப்புரவு, தோட்ட வேலை போன்றவற்றுக்கு முழுப் பென்சன்காரர் 17.5 வீதம் கட்ட வேண்டும். 2024 செப்டெம்பர் 12 ஆம் திகதிக்கு முன்னரே பழைய திட்டத்தில் அனுமதி பெற்றவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 1800 200 422 என்ற இலக்கத்துக்கு அழைத்து மதிப்பீட்டுக்குக் கேட்க வேண்டும். தமிழில் பேச விரும்பினால் 131 450 க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மதிப்பீடு செய்ய வருபவர் முன்னால் 'எல்லாம் நல்லாய் இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை' என்று மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் செய்வது அதுதான். வந்தவருக்கு வடை சுட்டுக் கொடுத்து உபசரித்தால், இவருக்கு உதவி எதற்கு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். காத்திருக்கும் காலம் நீளம், ஆகவே ஏலாமல் போகும் முன்னரே கேளுங்கள்.

இத்தனையும் வீடும் பென்சனும் பிரஜாவுரிமையும் உள்ளவர்களுக்கு. பிந்திப் படகில் வந்தவர்களில் பலருக்கு 2023 பெப்ரவரிக்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. இன்னும் தற்காலிக விசாவிலேயே இருப்போரும் உளர். அவர்களில் எங்களுக்குச் சமவயதுக்காரரும் உண்டு. வாடகை அறையில் வளவு ஏது? அவர்களைக் கூப்பிட்டு ஒரு பாத்தியைக் கொடுத்த வீடுகள் மெல்பேர்ணில் இருக்கின்றன. நல்ல காரியம். அறுவடையில் யாருக்கு எத்தனை என்று கணக்குப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒக்ரோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ள மறக்காதீர்கள். அன்றிலிருந்து ஊருக்கும் எமக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். அதற்குமுன் நாலரை. இங்கே இரவுச் சாப்பாடு முடித்து எடுத்தால் அங்கே பின்னேரத் தேத்தண்ணி நேரம், கதைக்க வசதி. பின்னேரம் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் வேலை ஓடும். பாவலுக்குப் பந்தல் கட்டத் தடி தேடுபவர்கள் கவுன்சில் குப்பை எடுக்கும் கிழமையில் தெருவைப் பார்த்துக்கொண்டு நடவுங்கள், நல்ல இரும்புக் கட்டில் சட்டமே கிடைக்கும். மக்பை குருவிகள் குஞ்சு காக்கும் காலம் இது, தலையில் கொத்தும், தொப்பியோடு போங்கள். கறிவேப்பிலைக் கன்று தேவையானவர்கள் பிள்ளைகளைக் காரில் அனுப்பி வாசலில் நின்று வாங்கிப்போகச் சொல்லாமல், தாங்களே வரவும். தேத்தண்ணி குடித்து ஊர்ப்புதினம் கதைத்த பிறகுதான் கன்று தரப்படும்.